எந்த பேட்மிண்டன் கோச்சிடம் விடுவது? ஒரு பத்து வயதுக்காரிக்காக மூன்று கோர்ட்டுகள்

தங்கை மகளுக்குப் பத்து வயது. இரண்டு வருடமாக மொட்டை மாடியில் நைலான் ஷட்டிலை வைத்து அப்பாவோடு அடித்துக்கொண்டிருந்தவள், இந்தக் கோடையில் ஒரு முகாமுக்குப் போய்விட்டு வந்து "இனிமே டெய்லி போறேன்" என்று அறிவித்துவிட்டாள். தங்கை எனக்குப் போன் போட்டாள். "அண்ணா, நீதானே காலேஜ்ல ஷட்டில் ஆடுன? திருச்சியில எங்க சேர்க்கலாம்னு பார்த்துச் சொல்லு." காலேஜ் டீமில் நான் இரண்டாவது டபுள்ஸ் ஜோடி, அதுவும் யாராவது வராத நாளில். எங்கள் குடும்பத்தில் அதுவே பெரிய தகுதி.

மூன்று இடங்களுக்குப் போனேன். ஒவ்வொன்றிலும் இரண்டு மாலை உட்கார்ந்து பார்த்தேன். பெயர் சொல்லப்போவதில்லை, இந்த மூன்று வகை கோச்சுகளும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஃபீஸ் எவ்வளவு, வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர், தரை சிமெண்டா மேட்டா என்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டு போயிருந்தேன். கடைசியில் அந்தக் காகிதத்தில் உதவியது ஓரத்தில் கிறுக்கிவைத்த ஒரே ஒரு வரிதான்: பிள்ளை ஷட்டிலை நெட்டில் அடித்த அடுத்த நொடி, அதன் கண் எங்கே போகிறது?

முதலில் போனது கண்டிப்பான இடம். கோச் மாநில அளவில் ஆடியவர். காலை ஐந்தரைக்கு ஒரு பேட்ச், மாலையில் இரண்டு. உள்ளே நுழைந்ததும் அசந்துபோனேன். இருபது பிள்ளைகள் கையில் ராக்கெட் மட்டும் வைத்துக்கொண்டு, ஷட்டிலே இல்லாமல், கோர்ட்டின் ஆறு மூலைக்கும் ஓடி ஓடி நடுவுக்குத் திரும்புகிறார்கள். ஷேடோ பயிற்சி. ஷூ கிறீச்சிடுவதுகூட ஒரே தாளத்தில் கேட்கிறது. எங்கள் காலேஜ் டீமில் ஒருவனுக்கும் இப்படிக் கால் வந்ததில்லை. அப்புறம் மல்டி ஷட்டில்: கோச் கைநிறைய ஷட்டிலை வைத்துக்கொண்டு விடாமல் போட்டுக்கொண்டே இருக்க, பிள்ளை மூச்சிரைக்க எடுக்கிறது. நெட்டில் அடித்தால் பத்து புஷ்-அப். மறுபடியும் அடித்தால் ஹாலைச் சுற்றி ஓட்டம்.

இந்த முறையில் கிடைப்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பிடியும் காலும் தோளும் சின்ன வயதில் தப்பாகப் படிந்துவிட்டால், பதினைந்து வயதில் மாற்றுவது பெரும்பாடு. ஒரே அடியை ஆயிரம் முறை அடிக்கவைக்க யாராவது தலைமேல் நிற்கத்தான் வேண்டியிருக்கிறது. ஹால் முழுக்கக் கோப்பைகளும் இருந்தன.

ஆனால் மேட்ச் வைத்தபோது ஒரு பையனைக் கவனித்தேன். பன்னிரண்டு வயது இருக்கும். ஒவ்வொரு பாயிண்ட் முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், முதலில் பார்த்தது கோச்சின் முகத்தை. 18-18ல் கோச் "டிராப் போடு" என்று கத்தினார். போட்டான், ஷட்டில் நெட்டைத் தாண்டியதும் மெதுவாக விழுந்தது, பாயிண்ட் வந்தது. பெஞ்சில் இருந்த அப்பா அம்மாக்கள் கைதட்டினார்கள். அடுத்த பாயிண்டின்போது கோச்சுக்கு ஒரு போன் வந்து அவர் திரும்பிக்கொண்டார். பையன் மூன்று ஷட்டிலை நடுக்கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பினான். எதிரில் இருந்தவன் நாலாவதை ஓங்கி ஸ்மாஷ் அடித்து முடித்தான். பையனிடம் அருமையான டிராப் இருக்கிறது. அதை எப்போது போடுவது என்பது மட்டும் கோச்சின் வாயில் இருக்கிறது.

பெஞ்சில் பக்கத்தில் இருந்த ஒரு அப்பாவிடம் மெதுவாக இதைச் சொன்னேன். அவர் உடனே, "சார், கோபிசந்த் சிந்துவோட போனையே பிடுங்கி வச்சாரு. அப்படி இருந்தாதான் மெடல்" என்றார். இந்த வாதத்தை அடிக்கடி கேட்கலாம் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன்னால் கோச் புல்லேலா கோபிசந்த், தன்னிடம் பயிற்சி பெற்ற பி.வி. சிந்துவின் போனை மூன்று மாதம் வாங்கிவைத்திருந்தது உண்மை. வெள்ளி வென்ற பிறகுதான் திருப்பிக் கொடுத்தார். கோபிசந்த் மட்டுமில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது வழிகாட்டியாக இருந்த பிரகாஷ் படுகோனும் தன் போனை வாங்கிவைத்துக்கொண்டதாக பேட்மிண்டன் வீரர் லக்ஷ்யா சென் சொன்னார். 1980ல் ஆல் இங்கிலாந்து பேட்மிண்டன் பட்டம் வென்ற படுகோனும் 2001ல் வென்ற கோபிசந்தும் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள். சரி. ஆனால் 2016ல் சிந்துவுக்கு 21 வயது. சிறுமியாக இருந்ததிலிருந்தே அந்த கோச்சை அவருக்குத் தெரியும். எதற்காகப் பிடுங்குகிறார் என்பதும் தெரியும், எத்தனை மாதம் என்பதும் தெரியும். லக்ஷ்யாவுக்கும் அப்போது 22. இவர்கள் தங்கள் வேலை எது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட பெரியவர்கள். மாடியில் நைலான் ஷட்டில் அடித்தவளுக்கு இதிலிருந்து எந்த விதியையும் எடுக்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு தமிழ்ப் பெயரைச் சொல்ல வேண்டும். பாக்கியநாதன் செல்லதுரை. இந்தியாவிலிருந்து கனடா போய் விளையாட்டு நிர்வாகத்துறையில் பேர் வாங்கிய பேராசிரியர். கோச்சின் நடத்தையை அளக்க 1980ல் அவரும் சாலே என்பவரும் சேர்ந்து நாற்பது கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் செய்தார்கள். அதில் கோச்சின் குணம் ஐந்தாகப் பிரிகிறது: கற்றுத்தருவது, பிள்ளைகளைக் கலந்து முடிவெடுப்பது, தானே முடிவெடுப்பது, ஆட்டத்துக்கு வெளியேயும் அக்கறை காட்டுவது, நன்றாகச் செய்ததைச் சொல்வது. இதில் எது சிறந்தது என்று அவர் பட்டம் கொடுக்கவில்லை. ஆடுபவர் விரும்புவதும், அந்தச் சூழலுக்குத் தேவையானதும், கோச் உண்மையில் செய்வதும் ஒத்துப்போகும்போதுதான் ஆட்டமும் நன்றாக இருக்கும், மனமும் நிறையும் என்பதே அவருடைய கோட்பாடு. அதனால் "கண்டிப்பான கோச் நல்லவரா?" என்று கேட்பதில் பொருளில்லை. யாருக்கு, எந்த வயதில், எதில் கண்டிப்பு என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

இரண்டாவது இடம் ஒரு பள்ளியின் உள்ளரங்கம். அங்கே வரிசையும் இல்லை, விசிலும் இல்லை. முதல் பத்து நிமிஷம் எனக்கு எரிச்சல்தான் வந்தது. கோர்ட்டை நீளவாக்கில் பாதியாக வெட்டி, ஒல்லியான நீளமான பட்டையில் இரண்டிரண்டு பேராக ஆடவிட்டிருந்தார். ஒரே ஒரு விதி: ஸ்மாஷ் கூடாது. பக்கவாட்டில் அடிக்க இடமில்லை, பலமாக அடித்து முடிக்கவும் முடியாது. அப்புறம் எப்படிப் பாயிண்ட் எடுப்பது? கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னப் பெண் எதிராளியைப் பின்கோட்டுக்குத் தள்ளிவிட்டு, அடுத்ததை நெட் ஓரமாகப் போட்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. கோச் ஆட்டத்தை நிறுத்தி, "இப்ப என்ன பண்ண? ஏன் அது விழுந்துச்சு?" என்று அவளையே கேட்டார். "அவ பின்னாடி இருந்தா சார்." அவ்வளவுதான். ஒற்றையர் ஆட்டத்தின் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1982ல் இங்கிலாந்தின் லஃப்பரோவில் பங்கர், தார்ப் என்ற இரண்டு ஆசிரியர்கள், அடியை முதலில் சொல்லிக்கொடுத்துப் பிறகு ஆட்டத்துக்குள் விடும் வழக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். முதலில் ஆட்டத்தைப் புரிந்துகொள்ளட்டும், அடியின் தேவை தானாகத் தெரியும் என்றார்கள். உலகம் முழுக்க உடற்கல்வி ஆசிரியர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். இப்படிக் கற்ற பிள்ளை மேட்சில் தானாக முடிவெடுக்கும், கோச் பக்கம் திரும்பாது.

குறையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடே பொய். ஒரு பையன் ராக்கெட்டைத் தோசைத்திருப்பி மாதிரி பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டு நாளும் அப்படியேதான். கோச்சிடம் கேட்டேன். "அவனே கண்டுபிடிப்பான் சார்" என்றார். இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கே அடிப்பது என்பதைப் பிள்ளை கண்டுபிடிக்கலாம். பிடியை யாரும் கண்டுபிடிப்பதில்லை, ஒருவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்ட வேண்டும். அந்தப் பிடியோடு அவன் தோசைதான் சுடலாம், பேக்ஹேண்ட் (புறங்கை அடி) வராது. கேள்வி கேட்கும் கோச்சுகள் பலருக்கு இந்த வியாதி உண்டு: சொல்லித்தர வேண்டியதையும் கேள்வியாகவே விட்டுவிடுவது. அப்புறம் போட்டி முடிவுகள் மெதுவாகத்தான் வரும். முதல் வகை அகாடமிப் பிள்ளைகளிடம் ஒன்றிரண்டு வருடம் தோற்றுக்கொண்டே இருப்பார்கள். அதைப் பெற்றோர் தாங்க வேண்டும். பிள்ளை எளிதாகத் தாங்கிவிடும்.

மூன்றாவது, ஒரு அபார்ட்மெண்ட் வளாகம். பல்கலைக்கழக அளவில் ஆடிய ஒரு பெண் அங்கேயே குடியிருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் "அக்கா". வாரத்தில் நாலு நாள். அதில் ஒரு நாள் ஷட்டிலே கிடையாது. தொட்டு விளையாட்டு, ஸ்கிப்பிங், த்ரோபால் என்று என்னவோ. பாதிப் பேருக்கு ஸ்கோர் எண்ணத் தெரியாது. ஆறு மணிக்கு முடித்துவிட்டு அக்கா போகப்போனால் யாரும் போகவிடுவதில்லை. ஃபீஸ் முதல் இடத்தில் வாங்குவதில் கால்வாசி.

இதை "டைம் பாஸ்" என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் பன்னிரண்டு வயது வரை பலவற்றையும் ஆடிப் பார்ப்பது, அதன்பின் ஒன்றிரண்டாகக் குறைப்பது, பதினாறு வாக்கில் ஒன்றிலேயே இறங்குவது என்ற வரிசையைக் கனடாவின் ழான் கோத்தே போன்ற ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். உலக பேட்மிண்டன் சம்மேளனம் பள்ளிகளுக்காக நடத்தும் ஷட்டில் டைம் திட்டமும் பலூனையும் சின்னச் சின்ன விளையாட்டுகளையும் வைத்துத்தான் தொடங்குகிறது. உடம்பைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் விளையாட்டு மருத்துவர் நீரு ஜெயந்தியின் குழு ஆராய்ந்தபோது, வாரத்துக்குத் தங்கள் வயதைவிட அதிக மணி நேரம் பயிற்சி செய்த பிள்ளைகளுக்குக் காயம் கூடுதலாக இருந்தது. பத்து வயதுக்கு வாரம் பத்து மணி நேரம். முதல் இடத்தின் அட்டவணையைக் கூட்டினேன்: பதினெட்டு.

அக்காவின் இடத்தில் இல்லாதது அடுத்த படி. பதின்மூன்று வயதில் நன்றாக ஆடும் பெண்ணுக்கு அங்கே எதிரில் நிற்க ஆள் இருக்காது. மாவட்டப் போட்டிக்கு எப்போது பெயர் கொடுப்பது, யாரிடம் பதிவு செய்வது என்பதும் அவருக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. இது முறையின் குறை இல்லை, அந்த இடத்தின் எல்லை. தெரிந்துகொண்டு சேர்த்தால் பிரச்சினை இல்லை.

இந்த மூன்றில் பிள்ளைகள் எங்கே நீடிக்கிறார்கள்? இதற்குப் பழைய ஆய்வு ஒன்று இருக்கிறது, அமெரிக்காவின் சியாட்டிலில் சிறுவர் பேஸ்பால் கோச்சுகளை வைத்துச் செய்தது. ஸ்மித், ஸ்மோல் என்ற உளவியலாளர்கள் சில கோச்சுகளுக்கு இரண்டரை மணி நேர வகுப்பு ஒன்று நடத்தினார்கள். முயற்சியைப் பாராட்டு, தவறு செய்தால் தைரியம் சொல்லி எப்படித் திருத்துவது என்று காட்டு, தண்டிக்காதே: சாரம் இவ்வளவுதான். 1992ல் வெளியான முடிவு என்னவென்றால், அந்த வகுப்புக்குப் போன கோச்சுகளின் பிள்ளைகளில் அடுத்த வருடம் ஆட்டத்தை விட்டவர்கள் 5 சதவீதம். போகாத கோச்சுகளிடம் 26 சதவீதம். வெற்றி தோல்விக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டரை மணி நேரம்! நம் ஊரில் ஒரு அகாடமி திறப்பு விழாவே அதைவிட நீளம்.

காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். டெசி, ரயன் என்ற இரண்டு உளவியலாளர்கள் மனிதர்கள் எதிலும் ஒட்டிக்கொள்ள மூன்று வேண்டும் என்கிறார்கள். நம் பேச்சில் சொன்னால்: இது நானாக எடுத்தது, எனக்கு இது வருகிறது, இங்கே எனக்கு ஆள் இருக்கிறது. முதல் இடம் இரண்டாவதை வாரி வழங்கியது, முதலாவதைத் தொடவே இல்லை. மூன்றாவது இடம் கடைசியதில் பணக்காரி. நடுவில் இருப்பது மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது, பிடியைத் தவிர.

ஒரே ஆளுக்குக்கூட எல்லாக் காலத்துக்கும் ஒரே கோச் சரிவராது என்பதற்கு சாய்னா நேவால் போதும். கோபிசந்திடம் பயிற்சி பெற்று 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். 2014ல் ஹைதராபாத்தை விட்டு பெங்களூருக்கு, படுகோன் அகாடமியில் விமல் குமாரிடம் போனார். பெரிய சர்ச்சை. 2015ல் ஆல் இங்கிலாந்து இறுதி ஆட்டம், உலகத் தரவரிசையில் முதலிடம், உலகச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. "அப்ப கோபிசந்த் தப்பு" என்று தீர்ப்பு எழுதியவர்கள் உண்டு. ரியோவில் முழங்கால் வலியோடு சீக்கிரமே வெளியேறினார், அறுவை சிகிச்சை நடந்தது, 2017ல் மறுபடியும் கோபிசந்திடமே திரும்பினார். 2018 காமன்வெல்த் இறுதியில் சிந்துவை வென்று தங்கம். இரண்டு கோச்சும் தப்பில்லை. அந்தந்த வருடத்தில் சாய்னாவுக்கு வேண்டியிருந்தது வேறு வேறு. முக்கியமான விஷயம், போவதையும் திரும்புவதையும் அவரே முடிவு செய்தார்.

அப்பாவே கோச் ஆவது என்று நாலாவது வழி ஒன்று உண்டு. மாப்பிள்ளைக்கு அந்த ஆசை கொஞ்சம் இருந்தது. பாரிஸ் பாராலிம்பிக்கில் வெள்ளி வென்ற காஞ்சிபுரம் துளசிமதி முருகேசனுக்கு ராக்கெட் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது அவர் அப்பாதான். மறுபக்கம், நார்வேயின் இங்கெப்ரிக்ட்சென் குடும்பத்தைப் பாருங்கள். அப்பா யேர்ட் மூன்று மகன்களை ஓட்டப்பந்தயத்தில் ஐரோப்பியச் சாம்பியன் ஆக்கினார். 2022ல் மகன்கள் அவரைவிட்டு விலகினார்கள், அடுத்த வருடம் அடி, மிரட்டல் என்று வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார்கள். 2025ல் நீதிமன்றம் ஒலிம்பிக் சாம்பியன் யாக்கோப் தொடர்பான குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது, ஒரு மகளை ஈரத் துண்டால் அடித்ததற்கு மட்டும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை கொடுத்தது. தீர்ப்பு எப்படியோ, தோற்ற நாளில் சாப்பாட்டு மேஜையிலும் கோச் உட்கார்ந்திருந்தால் பிள்ளை எங்கே போகும்? மாப்பிள்ளையிடம் மாடியில் அடிப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றேன்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளை விளையாட்டையே தொழிலாக எடுக்க வேண்டாம் என்றுதான் தான் சொல்வதாக 2025 பிப்ரவரியில் ஒருவர் பேட்டி கொடுத்தார். சாட்சாத் கோபிசந்த். அவருக்குத் தெரியாதது இல்லை. இறகில் செய்த ஃபெதர் ஷட்டில் விலையைக் கேட்டால் உங்களுக்கும் தெரியும். அதனால் "ஸ்கூலை நிறுத்திட்டு முழுநேரமா விடுங்க" என்று பத்து வயதில் சொல்கிற கோச்சைக் கண்டால் வணக்கம் சொல்லிவிட்டு நகருங்கள்.

பெண் பிள்ளை என்பதால் இன்னொன்றும் பார்த்தேன். உண்மையில் இது பையன்களுக்கும் வேண்டும். பெற்றோர் உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டா, தனி அறையில் பயிற்சி, மசாஜ் என்று ஏதாவது நடக்கிறதா, வெளியூர்ப் போட்டிக்குப் பெண்கள் யாராவது கூடப் போகிறார்களா? 2021ல் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோவில் கைதானதை மறந்திருக்க மாட்டீர்கள். "சார் சொன்னால் கேள்வி கேட்கக் கூடாது" என்று பழக்கப்பட்ட பிள்ளைக்கு, கேள்வி கேட்டே ஆக வேண்டிய நாளிலும் வாய் வராது. முதல் இடத்தில் பெற்றோர் உள்ளே இருக்க சனிக்கிழமை மட்டும்தான் அனுமதி என்றார்கள். மேட்ச் பார்க்க எனக்கே சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒன்றுக்காகவே அதைக் கட்டத்திலிருந்து அடித்தேன். பதினெட்டு மணி நேரத்தைப் பிறகுதான் கூட்டினேன்.

தங்கையிடம் நான் சொன்னது இது. இரண்டாவது இடத்தில் வாரம் மூன்று நாள் சேர். சனிக்கிழமை அக்காவிடம் போகட்டும், அங்கே த்ரோபால் ஆடட்டும். மொத்தம் ஏழு மணி நேரம்தான் வரும், போதும். பிடியைத் திருத்துவதை மட்டும் கோச்சிடம் வாய்விட்டுக் கேள். அவர் செய்யவில்லையென்றால் அக்காவே பத்து நிமிஷத்தில் செய்துவிடுவார், கேட்டுவிட்டேன். ஃபீஸை மாதாமாதம் கட்டு. வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் இருபது சதவீதம் தள்ளுபடி என்றாலும் வேண்டாம். கட்டிய பணத்துக்காகப் பிள்ளையை அனுப்பிக்கொண்டிருப்போம். பதின்மூன்று வயதில் அவளே வந்து "எனக்கு அந்தக் கண்டிப்பான சார்கிட்ட போகணும்" என்று கேட்டால், அப்போது சனிக்கிழமை விதியை அந்த சார் மாற்றியிருக்கிறாரா என்று நானே போய்க் கேட்கிறேன்.

"அவ ஜெயிப்பாளா அண்ணா?" என்றாள் தங்கை. தெரியாது என்றேன். போன வாரம் முதல் வகுப்பு. திரும்பி வந்தவள் என்னிடம் போனில் பேசியது ஒரே விஷயம்: ஸ்மாஷ் அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம், அநியாயமாம், ஆனால் பின்னாடி தள்ளிவிட்டு முன்னாடி போட்டால் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்களாம். மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மாடியில் காட்டுகிறாளாம்.